தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோகும் டிவிடி: பெங்களூரில் ஒரு ரிப்பேர் அலைச்சல்

நியூஜெர்சியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதே அம்மா போனில் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையாவது அந்த டிவிடி பிளேயரை ஒரு வழி பண்ணிட்டுப் போடா." அல்சூர் வீட்டு டிவிக்குக் கீழே, பூ வேலை செய்த துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் பழைய பெட்டி அது. அதன் வியாதி விசித்திரமானது. தங்கை கல்யாண டிவிடியைப் போட்டால் காசி யாத்திரை, ஊஞ்சல் எல்லாம் ஒழுங்காக ஓடும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார். படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடும்.

2011-இல் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு விசாத் தகராறில் என்னால் வர முடியவில்லை. அதனால் தாலி கட்டியதை நான் பார்த்ததே இல்லை. இந்தப் பெட்டி மேல் எனக்கும் ஒரு வழக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டு வைத்தியம். அங்கிருந்து வாங்கி வந்த, குட்டி பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் டிஸ்க்கைப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்பா தன் பங்குக்கு வேட்டி நுனியால் டிஸ்க்கை வட்டம் வட்டமாகத் துடைத்தார். அப்படித் துடைக்கக் கூடாது. தகவல் சுழல் தடமாகப் பதிந்திருக்கிறது. துடைக்கும்போது விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து நீளமாக ஓடினால் படிக்க முடியாத இடத்தைச் சரிக்கட்டும் பிளேயரின் பிழைதிருத்தம் கைவிட்டுவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்தால், கீறல் விழுந்தாலும் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகும், சமாளித்துவிடும். அப்பாவிடம் சொன்னேன். "முப்பது வருஷமா துடைக்கிறேன்" என்றார். சரி.

அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டர். டோக்கன், ஏசி, மெத்தை நாற்காலி, குடிக்கத் தண்ணீர். நாற்பது நிமிஷம் காத்திருந்த பிறகு கவுன்டர் பெண் மாடல் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "இதுக்குப் பார்ட்ஸ் வர்றதில்லை சார்" என்றார். பெட்டியைப் பையிலிருந்து எடுக்கக்கூட விடவில்லை.

அடுத்து, ஆப்பில் பதிவு செய்தால் வீட்டுக்கே வரும் டெக்னீஷியன். சொன்ன நேரத்துக்கு வந்தார், செருப்பை வாசலில் விட்டார், மரியாதையாகப் பேசினார். அதில் குறையே இல்லை. கல்யாண டிவிடியைப் போட்டார், நின்றது. அப்பாவின் பாட்டு எம்பி3 சிடியைப் போட்டார், பாடியது. "சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு ஒரு லேசர் சார். டிவிடி லேசர் போச்சு. லென்ஸ் மாத்தணும், 1,800 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ஒன்று மங்கி மற்றது பிழைத்திருப்பது சகஜம்தான். ஆனால் மூடியைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. பதினெட்டு வருஷம் மூடி வைத்திருந்த வள்ளுவர் சிலையையே அல்சூர் ஏரிக்கரையில் 2009-இல் திறந்துவிட்டார்கள். இந்த மூடியைத் திறக்க ஒருவர் கிடைக்க மாட்டாரா?

பக்கத்து வீட்டு மாமா எஸ்.பி. ரோட்டைக் கை காட்டினார். ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தேன். ஸ்டேஷன் ஸ்கேனரில் பெட்டி போனதும் காவலர் எடுக்கச் சொல்லி, புரட்டிப் பார்த்து, "இன்னும் இதெல்லாம் இருக்கா?" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார்.

எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் சாமான்களின் சந்தை. மின்தடையும் ஒயரும் தொங்கும் கடைகளுக்கு நடுவில் ஒரு மாடிப்படி, அதன் கீழே இரண்டு பேர் உட்காரும் இடம், ஒரு மேஜை விளக்கு. பெரியவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "எல்லி நில்லுத்தெ?" நான் விழித்ததும் தமிழுக்கு மாறினார். "எங்க நிக்குதுன்னு கேட்டேன் சார். ஆரம்பத்திலயா, கடைசியிலயா? இந்த டிஸ்க் மட்டுமா, எல்லாமா?"

இதை அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. யோசித்தால், தாலி வருவது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு. வாங்கின சினிமா டிவிடியும் கிளைமாக்ஸில்தான் நிற்கிறது. டிஸ்க்கை உள்ளிருந்து வெளியே படிப்பார்கள்; லென்ஸ் நடுவில் தொடங்கி ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போகும். "உங்கப்பா பாட்டு சிடி ரொம்பியிருக்கா?" என்றார். இல்லை, கால்வாசிதான். அப்படியானால் லென்ஸ் ஓரம் வரைக்கும் போக வேண்டிய வேலையே அதில் இல்லை. அவரிடம் விளிம்பு வரை நிரம்பிய சோதனை சிடி ஒன்று இருந்தது. கடைசிப் பாட்டைப் போட்டார். நின்றது. டிவிடி லேசரின் தலையில் விழுந்த பழி அங்கேயே போயிற்று.

நாலு ஸ்க்ரூ, மூடி வந்தது. லென்ஸ் நகரும் இரும்புத் தண்டில் கிரீஸ் மஞ்சளாகக் காய்ந்து, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கிடந்தது. பவரை எடுத்துவிட்டுப் பல்சக்கரத்தை விரலால் உருட்டச் சொன்னார். முக்கால் தூரம் சுலபமாக வந்த லென்ஸ், அந்த இடத்தில் இறுகியது. விரலிலேயே தெரிந்தது. இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் தாலி ஏறாமல் நின்ற இடம் அதுதான்.

பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்துப் பழைய கிரீஸை எடுத்தார். எட்டுக் குச்சிகள் கறுத்தன. புதிதாக வெள்ளை கிரீஸ், குண்டூசித் தலையளவுதான். "இன்னும் கொஞ்சம் வைக்கலாமே" என்றேன். "தூசி ஒட்டும் சார், நம்ம ஊர்த் தூசி தெரியாதா?" லென்ஸை ரப்பர் பந்தால் ஊதி, ஒரே ஒரு முறை அழுத்தாமல் துடைத்தார், மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் அழுத்தினால் கோணிப்போகுமாம். கூலி 250 ரூபாய்.

நான் இருந்தபோதே வேறொருவருக்கு லென்ஸ் மாற்றினார். லேசரும் சேர்ந்த புது லென்ஸ் யூனிட்டில் ஒரு சொட்டு ஈயம் வைத்து இரண்டு புள்ளிகளை இணைத்திருந்தார்கள். கையிலிருக்கும் நிலைமின்சாரமே லேசரைக் கொன்றுவிடும் என்பதற்கான காப்பு அது. ரிப்பன் ஒயரைச் சொருகிய பிறகு அந்த ஈயத்தை எடுத்துவிட வேண்டும். ஆன்லைனில் வாங்கித் தாங்களே மாட்டுபவர்கள் இதைத் தெரியாமல், "புதுசும் வேலை செய்யலை" என்று அவரிடம் வருகிறார்களாம்.

கல்யாண டிஸ்க்கை விளக்கில் பிடித்துப் பார்த்து ஒரு எச்சரிக்கையும் தந்தார். கல்யாண வீடியோக்காரர் ஒட்டிய, மணமக்கள் படம் போட்ட காகித லேபிள் ஓரத்தில் குமிழ் விட்டிருந்தது. சுற்றும்போது டிஸ்க் ஆடும், கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க்கின் சாயமும் காலத்தில் மங்கும், முதலில் காப்பி எடுங்கள் என்றார். தங்கை லேப்டாப்பில் வெளியே மாட்டும் டிரைவ் வைத்து எடுத்தோம். இரண்டு தடவை பாதியில் தோற்று மூன்றாவதில் முழுசாக வந்தது. இப்போது ஆளுக்கொரு பென் டிரைவ்.

அம்மாவுக்குப் பென் டிரைவ் பிடிக்கவில்லை. டிஸ்க்கையே போடச் சொன்னாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். யாரோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தினார்கள். படம் நிற்கவில்லை. சரியாக அந்த நொடியில் போட்டோக்காரர் குறுக்கே வந்து நின்றார். திரை முழுக்க அவருடைய நீலச் சட்டை முதுகு, அதன் மேல் அட்சதை விழுந்துகொண்டிருந்தது. முதுகு விலகியபோது தாலி கட்டி முடித்திருந்தார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அது அப்பவே அப்படித்தான்டா" என்றாள்.