சோல்பிடெம் 5 மி.கி.: போட்டதும் விட்டதும்

அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் ராத்திரி மருந்து கொடுக்க விழித்து விழித்துப் பழகிய உடம்பு, அவர் போன பிறகும் மூன்று மணிக்கு முன் கண்ணை மூட மறுத்தது. பால், கசகசா, தலைக்கு எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. மாதக்கணக்கில் இழுத்த பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். தைராய்டு சோதனைக்கு எழுதினார். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு திணறுகிறதா என்று என் கணவரிடம் துருவித் துருவிக் கேட்டார். மூச்சுத்தடை இருந்தால் தூக்க மாத்திரை அதை மோசமாக்கலாமாம். அதற்குப் பிறகுதான் சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையை 5 மி.கி. அளவில் எழுதினார். இது நடந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பத்து மி.கி. மாத்திரையும் உண்டு. ஆனால் பெண்களின் உடம்பிலிருந்து இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பதால், 2013-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது. காலையில் ஸ்கூட்டி ஓட்டி ஆபீஸ் போகிற எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. கண் விழித்துவிட்டோம் என்பதற்காக மருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. குறைந்தது ஏழெட்டு மணி நேரம் படுக்கையில் இருக்க முடிகிற ராத்திரியில் மட்டும் போடச் சொன்னார். விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் அன்று மாத்திரை கிடையாது.

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், தரவும் கூடாது. சோல்பிடெம் நம் ஊரில் எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துகளின் அட்டவணையில் வருகிறது. கடைக்காரர் தனி நோட்டில் என் பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதிக்கொள்வார். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். முதல் தடவை அந்த நோட்டைப் பார்த்ததும் ஏதோ போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

சரி, வேலை செய்ததா? செய்தது, அதுவும் நன்றாகவே. விழுங்கிய அரை மணிக்குள் தூக்கம் வந்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட்டால் மட்டும் தாமதமாகும். அதனால் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கே முடித்தேன். முதல் வாரம் காலையில் லேசாகத் தலை கனத்தது, பிறகு இல்லை.

என்னை உஷாராக்கியது ஒரு போன் பேச்சு. மாத்திரை போட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் என் அக்கா கூப்பிட்டாள். மகனுக்கு வந்த வரனைப் பற்றிப் பேசினோமாம். நானும் பெண் வீட்டாரைப் பற்றி நிறைய அபிப்பிராயம் சொன்னேனாம். மறுநாள் காலையில் எனக்கு ஒரு வார்த்தை நினைவில்லை. டாக்டரிடம் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. மாத்திரை போட்ட பிறகு விழித்திருந்தால் இப்படி நினைவு அழியும் என்றார். சிலர் தூக்கத்திலேயே எழுந்து நடப்பார்கள், அடுப்பு பற்றவைப்பார்கள், வண்டிகூட ஓட்டுவார்கள். அப்படி ஒரு தடவை நடந்தாலே மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்றார். 2019-இல் எஃப்.டி.ஏ. தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இதற்காகத்தான் சேர்த்தது. அன்றிலிருந்து கதவைப் பூட்டி, கேஸை மூடி, போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்துதான் மாத்திரையை விழுங்குவேன்.

மதுவோடு சேரக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சளிக்கு வாங்கும் மாத்திரையும் இருமல் டானிக்கும்கூடத் தூக்கத்தைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜலதோஷம் பிடித்தால் முதலில் டாக்டருக்கு ஒரு போன், பிறகுதான் மருந்து.

தினமும் போட்டது முதல் சில வாரங்கள்தான். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி, அதுவும் தேவைப்பட்டால். எப்போது நிறுத்துவது என்பதை எழுதித் தந்த அன்றே பேசி வைத்திருந்தார். திடீரென்று விட்டால் பழைய தூக்கமின்மை இன்னும் மூர்க்கமாகத் திரும்பி வரும். அதைப் பார்த்து பயந்துதான் பலர் மறுபடி ஆரம்பிக்கிறார்களாம். எனக்குப் பாதி மாத்திரை, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்தார். மெதுவாகக் கரையும் சி.ஆர். வகையை இப்படி உடைக்கவே கூடாது.

ஆனால் தூக்கத்தை நிலைக்க வைத்தது மாத்திரை இல்லை, சி.பி.டி.-ஐ என்கிற பயிற்சி, அதாவது தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுகிற சிகிச்சை. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-லேயே இதைத்தான் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. மாத்திரையைக் குறைத்து முடித்த பிறகு எனக்கு இதை ஆரம்பித்தார்கள். பதினொன்றரைக்கு முன் படுக்கக் கூடாது, எப்படித் தூங்கியிருந்தாலும் ஐந்தரைக்கு எழ வேண்டும், பகலில் கண் அசரக் கூடாது, தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்துக்குப் போய்விட வேண்டும். முதல் இரண்டு வாரம் நரகம். ஆபீஸில் கணக்கு நோட்டின் மேலேயே தலை சாயும். மாத்திரை இதைவிட ஆயிரம் மடங்கு சுலபம், அதில் சந்தேகமே இல்லை. மூன்றாவது வாரத்தில்தான் படுத்ததும் தூக்கம் வர ஆரம்பித்தது.

இப்போது மாத்திரை இல்லாமல்தான் தூங்குகிறேன். மாதத்தில் ஓரிரு ராத்திரி புரள்வது உண்டு. மிச்சமிருந்த நாலு மாத்திரையைப் பார்த்துவிட்டு மாமியார், "எனக்கு ஒண்ணு குடேன், ராவெல்லாம் முழிப்புத்தான்" என்றார். எழுபதைத் தாண்டியவர், ராத்திரி இரண்டு தடவையாவது பாத்ரூமுக்கு எழுந்து போவார். அந்த வயதில் இந்த மருந்தால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிய எவ்வளவோ வாய்ப்பு உண்டு. தர முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் அவரையும் அதே டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.