கிரீன்-ஆம்ப்ட்டா, ரிச்சர்ட்ஸா? வடசென்னை மண்ணில் மழைநீர் இறங்கும் கணக்கு

உறிஞ்சுகுழி எவ்வளவு பெரிதாக வேண்டும், ஐப்பசி மழையில் எவ்வளவு நீர் மேலே தேங்கும் என்று கணக்கிட இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன: 1911-இல் வந்த கிரீன்-ஆம்ப்ட் சூத்திரம், மண்ணின் ஒவ்வொரு ஆழத்திலும் நீரின் அழுத்தம், ஈரப்பதம் எப்படி மாறுகின்றன என்று கணக்கிடும், 1931-இல் வந்த ரிச்சர்ட்ஸ் சமன்பாடு. வடசென்னையில் எதை எடுப்பது என்பதை நிலத்தடி நீர்மட்டம்தான் தீர்மானிக்கிறது. மண் வகை அதற்கு அடுத்ததுதான்.

கிரீன்-ஆம்ப்ட் எளிது. ஈரமுனை, அதாவது நனைந்த மண்ணின் அடிவிளிம்பு, பிஸ்டன் போலக் கீழே இறங்குவதாக வைத்துக்கொள்கிறது. கடத்துதிறன் (மண் நீரைக் கடத்தும் வேகம்), முனையின் உறிஞ்சு அழுத்தம் (காய்ந்த மண் நீரை இழுக்கும் விசை), ஈரப்பதப் பற்றாக்குறை (மண்ணில் நீர் நிரம்பக் காலியாக உள்ள பங்கு) ஆகிய மூன்று எண்கள் போதும், கால்குலேட்டரிலேயே முடியும். தண்டையார்பேட்டை போன்ற கடலோர மணலில் கடத்துதிறன் மணிக்கு 11.78 செ.மீ. என்று ராவ்ல்ஸ் குழுவின் 1983 அட்டவணை தருகிறது. எந்த மழையையும் அது விழுங்கிவிடும். நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும்வரை இந்த விடையே போதும்.

பெரம்பூர்க் களிமண்ணில்தான் சிக்கல். கடத்துதிறன் மணிக்கு 0.03 செ.மீ., உறிஞ்சு அழுத்தம் 31.63 செ.மீ., பற்றாக்குறை 0.1 என்று கொடுத்தால், 24 மணி நேரத்தில் சுமார் 26 மி.மீ. உள்ளே போகும் என்கிறது சூத்திரம். நீர்மட்டம் தரைக்குக் கீழே 1 மீட்டருக்கு ஏறியிருந்தால் மண்ணில் அவ்வளவு இடமே கிடையாது. கார்செல்-பாரிஷ் 1988 அட்டவணையின் வான் கெனுக்டன் எண்களை, அதாவது மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கும் என்ற வளைவை விவரிக்கும் எண்களை (α 0.008, n 1.09), வைத்து நீர் அசையாமல் நிற்கும் சமநிலையில் உள்ள ஈரப்பதத்தைக் கணக்கிட்டால் அந்த 1 மீட்டர் களிமண்ணில் மிஞ்சும் காலியிடம் சுமார் 8 மி.மீ. மட்டுமே. அதே ஆழ மணலில் 330 மி.மீ. வரும். பற்றாக்குறையை அதற்கேற்பத் திருத்திக் கொடுத்தாலும் கிரீன்-ஆம்ப்ட் 11 மி.மீ. என்றுதான் சொல்லும், அடியில் நீர்மட்டம் இருப்பதே அதற்குத் தெரியாது.

ரிச்சர்ட்ஸுக்குத் தெரியும், நாம் சொல்லிக்கொடுத்தால். இலவசமாகக் கிடைக்கும் ஒரு பரிமாண ஹைட்ரஸ் மென்பொருளில் பலர் கீழ் எல்லைக்குத் 'தடையற்ற வடிதல்' என்று கொடுத்துவிடுகிறார்கள். மேலோட்டமான நீர்மட்டத்துக்கு அது தவறு. அளந்த நீர்மட்டத்தை அழுத்த எல்லையாகக் கொடுக்க வேண்டும். மேற்பரப்பருகே கணு இடைவெளி, அதாவது கணக்கிடும் புள்ளிகளுக்கு இடையிலான தூரம், 1 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. n மதிப்பு 1.09 போலத் தாழ்வாக இருந்தால் நிறைவுநிலையை நெருங்கும்போது கடத்துதிறன் வளைவு செங்குத்தாகி, கணக்கு குவியாமல் திணறும், 2 செ.மீ. காற்றுநுழைவு அழுத்தம் (அந்த உறிஞ்சு அழுத்தம் வரை மண் முழுதும் நிறைந்தே இருப்பதாகக் கொள்வது) கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் அழுத்தத்தை மட்டும் மாறியாக வைக்கும் வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது, அதில் நீர்க்கணக்கு கசியும். ஈரப்பதம், அழுத்தம் இரண்டையும் சேர்த்து வைக்கும், 1990-இல் சீலியா குழு காட்டிய கலப்பு வடிவம் அதைத் தடுக்கிறது. எப்படியும் நீர்ச்சமநிலைப் பிழை 1 சதவீதத்தைத் தாண்டினால் முடிவை நம்பாதீர்கள்.

அலகிலும் கவனம் வேண்டும். ராவ்ல்ஸ் கடத்துதிறன் எண்கள் மணிக்கு, ஹைட்ரஸில் பொதுவாக எடுத்தாளப்படும் கார்செல்-பாரிஷ் எண்கள் நாளுக்கு. பார்க்காமல் மாற்றிப் போட்டால் 24 மடங்கு பிழை. அலகை மாற்றினாலும் இரண்டும் ஒத்துவராது: மணலுக்கு ஒன்று நாளுக்கு 283 செ.மீ., மற்றது 712.8. முன்னது சூத்திரத்துக்கான பயன்தரு கடத்துதிறன், பின்னது முழு நிறைவுநிலைக் கடத்துதிறன். அந்தந்த முறைக்கு அந்தந்த அட்டவணைதான்.

கோடையில் வெடித்த களிமண்ணில் பருவத்தின் முதல் மழை விரிசல் வழியே நேராக இறங்கும். இதை இரண்டு முறையுமே பிடிக்காது. விரிசலுக்கும் மண்ணுக்கும் தனித்தனியாகக் கணக்கிடும் இரட்டைக் கடத்துதிறன் மாதிரி வேண்டும். இல்லையென்றால் முதல் மழையைக் கணக்கிலிருந்து விலக்கி, விரிசல் மூடிய பிறகு இரட்டை வளைய அளவியால் (மண்ணில் பதித்த இரு வளையங்களில் நீர் ஊற்றி அது இறங்கும் வேகத்தை அளக்கும் கருவியால்) எடுத்த அளவை வைத்துத் தொடங்குங்கள்.