காரைக்குடியில் ஒரு யூரின் கல்ச்சர்

ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா அம்மாவை சுகர், பிரஷர், ஸ்கேன் என்று அழைத்துக்கொண்டு அலைகிறோம். கிருமியை வளர்த்து, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் மட்டும் யாருக்கும் நினைவில் வருவதில்லை. இந்த முறை லண்டனிலிருந்து காரைக்குடி போயிருந்தபோது அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்ததால் அதை அருகிலிருந்து பார்த்தேன்.

முதலில் மருந்துக்கடை. அம்மா சொல்லி முடிப்பதற்குள் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்து நீட்டிவிட்டார்கள். சீட்டே கேட்கவில்லை. 2014 முதல் அது அரசின் எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு கட்டாயம், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. வாங்காமல் டாக்டரிடம் போனோம். மாத்திரை தொடங்குமுன் சாம்பிள் கொடுத்துவிடச் சொன்னார். மருந்து உள்ளே போய்விட்டால் லேப்பின் தட்டில் கிருமி வளராமலே போகலாம்.

லேப்பில் இருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்: "முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்கம்மா. ரெண்டு மணி நேரத்துக்குள்ள இங்க வந்துடணும்."

கிருமி வளர ஒரு நாள், அப்புறம் மருந்துகளைச் சோதிக்க இன்னொரு நாள். கேட்டதும் தட்டையே காட்டினார்கள். முல்லர்-ஹின்டன் அகார் என்ற, கிருமி வளர்க்கும் கூழ் மீது கிருமியைச் சீராகப் பரப்பி, மருந்து ஏற்றிய 6 மி.மீ. வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விடுகிறார்கள். மருந்து கேட்கும் கிருமி என்றால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுகிறது. கேட்காவிட்டால் வில்லையை ஒட்டியே கிருமி படர்ந்திருக்கிறது. 1966இல் வந்த கிர்பி-பாவர் முறை இன்றும் இப்படித்தான் நடக்கிறது. பெரிய வட்டம் விழுந்த மருந்துதான் சிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் அளவு வேறு. அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் எஸ் (கேட்கும்), ஐ (இடைப்பட்டது), ஆர் (கேட்காது) என்று போடுகிறார்கள்.

இதில் கவனம் எவ்வளவு வேண்டியிருக்கிறது! அகார் 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும், கூடினால் வட்டம் சுருங்கிவிடும். கிருமிக் கரைசலின் கலங்கலும் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். முடிவு முன்பே தெரிந்த ஒரு ஈ.கோலை கிருமியையும் இதே போல வளர்த்து, தங்கள் வேலை சரிதானா என்று பார்த்துக்கொள்கிறார்கள். சின்ன ஊர் லேப்பில் இதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. பெரிய லேப்களில் வைடெக் போன்ற இயந்திரங்கள், எந்த அளவு மருந்தில் கிருமியின் வளர்ச்சி நிற்கிறது என்ற எண்ணையே தந்துவிடும்.

அம்மாவுக்கு வந்தது ஈ.கோலை. கடையில் நீட்டிய செஃபிக்ஸிமுக்கு நேராக ஆர், நைட்ரோஃபுரான்டாயினுக்கு எஸ். காய்ச்சலோ முதுகுவலியோ இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்த பிறகே டாக்டர் அதை எழுதினார். சரியாகிவிட்டது.

ஒரு குறை உண்டு. ரிப்போர்ட்டில் வெறும் எழுத்துதான், மில்லிமீட்டர் அளவு இல்லை. கேட்டதும் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள் இப்போது அம்மாவின் ஃபைலில் இருக்கிறது. மறுபடி கடுப்பு வந்தால் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறேன், புது சாம்பிளும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.