கம்பெனி கைவிட்ட இரண்டு வண்டிகள்: யமஹா வைப்பர், விக்டரி கிராஸ் கண்ட்ரி – நீண்டகால அனுபவம்

குளிர்காலத்துக்கு 2014 யமஹா எஸ்ஆர் வைப்பர் ஸ்நோமொபைல், அதாவது பனிமேல் ஓடுகிற வண்டி. கோடைக்கு 2016 விக்டரி கிராஸ் கண்ட்ரி மோட்டார் சைக்கிள். கனடாவில், வடக்கு ஒன்டாரியோவின் சட்பரியில், என் கராஜில் நிற்கிற இந்த இரண்டுமே இன்று தயாரிப்பில் இல்லை. மாடல் மட்டும் நின்றுபோயிருந்தால் பெரிய விஷயமில்லை. விக்டரி என்ற பிராண்டே இப்போது கிடையாது. யமஹா ஸ்நோமொபைல் தொழிலையே விட்டுவிட்டது. வைப்பரின் உடம்பைச் செய்துகொடுத்த ஆர்க்டிக் கேட்டும் 2024 டிசம்பரில் படுத்து, அடுத்த வருஷம் வேறு கைக்கு மாறிப் பிழைத்தது. அதனால் வண்டி எப்படி ஓடுகிறது என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. "கம்பெனி மூடிட்டாங்களாமே, இன்னும் ஏன் வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

முதலில் வைப்பர். இதை நான் வாங்கியது செகண்ட் ஹாண்டில். 1049 சிசி, மூன்று சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், சுமார் 130 குதிரைத்திறன். இன்ஜின் யமஹாவுடையது, ஏற்கெனவே அவர்களுடைய எஃப்எக்ஸ் நைட்ரோ ஸ்நோமொபைலில் ஓடித் தேறியது. சேசிஸ் ஆர்க்டிக் கேட்டுடையது. 2013ல் இரண்டு கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள தீஃப் ரிவர் ஃபால்ஸ் தொழிற்சாலையில் இதைச் செய்தார்கள். ஆர்க்டிக் கேட்டுக்கு அப்போது சுஸுகியிடமிருந்து வந்துகொண்டிருந்த இன்ஜின் சப்ளை முடிகிற நேரம். அவர்களுக்கு இன்ஜின் வேண்டும், யமஹாவுக்குப் புது சேசிஸ் வேண்டும். அதே இன்ஜினைத் தங்கள் 7000 வரிசையிலும் வைத்து ஆர்க்டிக் கேட் விற்றது.

"யமஹா பனியை விட்டுப் போகப் போகிறது" என்ற பேச்சு இந்த ஒப்பந்தத்தோடுதான் சூடு பிடித்தது. தன் வண்டியைத் தன் தொழிற்சாலையில் செய்யாத கம்பெனி எத்தனை நாள் நிற்கும் என்பது பேசியவர்களின் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஜப்பானில் செய்த மாடல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன; 2017ல் வந்த டர்போ சைட்வைண்டரும் அதே மினசோட்டா தொழிற்சாலையில்தான் உருவானது. ஆனால் யமஹா வாய் திறந்து சொன்னது 2023 ஜூனில். ஐரோப்பாவுக்கு 2024 மாடலோடும் வட அமெரிக்காவுக்கு 2025 மாடலோடும் முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். 1968ல் எஸ்எல்350ல் தொடங்கிய கதை அப்படி முடிந்தது. வதந்தி பலித்தது, சரி. ஆனால் 2013ல் அதைக் கேட்டுப் பயந்து வாங்காமல் இருந்தவர் பத்துக் குளிர்காலத்தை இழந்தார். இந்தத் தொழிலில் வதந்தி போகிற திசை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. எப்போது நடக்கும், நடந்தால் என்ன ஆகும் என்பதில்தான் கோட்டை விடுகிறது.

ஓட்டுகிற அனுபவத்துக்கு வருகிறேன். மைனஸ் 25ல் சாவி திருப்பினால் கார் மாதிரி ஸ்டார்ட் ஆகும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் ஆயில் கேனையும் தூக்கிக்கொண்டு அலைவார்கள்; எனக்கு அந்த வேலை இல்லை. புகை நாற்றம் ஜாக்கெட்டில் ஏறுவதில்லை, வீட்டில் திட்டு விழுவதும் இல்லை. நாலு ஸ்ட்ரோக் என்றால் முன்பக்கம் கனம் இருக்கத்தான் செய்யும். பனியைத் தட்டிச் சீராக்கிய டிரெயில் பாதையில் அந்தக் கனம் உதவி, புதுப்பனியில் இறக்கினால் உபத்திரவம். ஒருமுறை ஏரிக்கரையில் இடுப்பளவு பனியில் புதைத்துவிட்டு நானும் நண்பரும் மண்வெட்டியோடு மத்தியானம் முழுக்கப் போராடினோம். மலைப்பனியில் விளையாட ஆசைப்படுபவர் இதை வாங்கவே கூடாது. ஒன்டாரியோ டிரெயில்களில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர், ஆகவே 130 குதிரையில் பாதிக்கு மேல் லாயத்தில் தூங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பராமரிப்பில் நான் மாற்றியவை எல்லாம் தேய்கிற சாமான்கள்: முன்னால் இருக்கும் ஸ்கீ என்ற சறுக்குப்பட்டையின் அடியில் இருக்கும் கார்பைட், வண்டியைத் தள்ளுகிற ரப்பர் பட்டையான டிராக் சறுக்குகிற பிளாஸ்டிக் ஸ்லைடர், சின்னச் சக்கரங்களின் பேரிங், டிரைவ் பெல்ட், பேட்டரி. கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு பாதிப் பதில் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இவற்றில் எதையும் யமஹாவோ ஆர்க்டிக் கேட்டோ சொந்தமாகச் செய்வதில்லை. ரப்பர் டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கியூபெக்கின் காம்ஸோதான் எல்லா பிராண்டுக்கும் செய்துகொடுத்துவந்தது. அதை மிஷலின் 2018ல் வாங்கியது. கார்பைட் செய்கிறவர் வேறு, பெல்ட் செய்கிறவர் வேறு. வண்டிக்கு மேல் ஒட்டியிருக்கிற பெயர் போனாலும் அடியில் தேய்கிறவை கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

மீதிப் பாதிப் பதில் அவ்வளவு இனிப்பாக இல்லை. பக்கவாட்டு பிளாஸ்டிக் பேனல், வயரிங், டிஸ்ப்ளே, இன்ஜினின் கம்ப்யூட்டர் இவையெல்லாம் அந்த மாடலுக்கென்றே செய்தவை. ஒரு மரக்கட்டையில் இடித்து என் இடப்பக்க பேனல் உடைந்தபோது இது புரிந்தது. கடையில் ஸ்டாக் இல்லை என்றார்கள். கடைசியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஒருவரிடம் வேறு நிறத்தில் கிடைத்தது. அதை அப்படியே மாட்டி ஓட்டுகிறேன். நீல வண்டிக்குப் பச்சைக் கன்னம். ஆர்க்டிக் கேட்டின் நிறம் பச்சை என்பதால் வண்டி இப்போதுதான் உண்மையைச் சொல்கிறது என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

2024 டிசம்பரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்க்டிக் கேட்டை 2017ல் சுமார் 247 மில்லியன் டாலருக்கு வாங்கியது டெக்ஸ்ட்ரான். செஸ்னா விமானமும் பெல் ஹெலிகாப்டரும் செய்கிற குழுமம். அவர்கள் திடீரென்று உற்பத்தியை நிறுத்திவைப்பதாகவும் அந்தத் தொழிலை என்ன செய்வதென்று யோசிப்பதாகவும் அறிவித்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க பெட்ரோல் பம்பிலும் டிரெயில் ஓரத்துக் குடில்களிலும் வேறு பேச்சே இல்லை. யார் யாரோ வாங்கப் போகிறார்கள், கிடங்கைப் பூட்டப் போகிறார்கள், வாரண்டி செல்லாது. ஒருவர் டிரைவ் பெல்ட்டை அரை டஜன் வாங்கி அடுக்கினார். ஒவ்வொரு பிராண்ட் ஸ்நோமொபைலுக்கும் ஏற்ற பெல்ட்டை வெளிக் கம்பெனிகள் இன்றும் விற்கின்றன என்று சொன்னேன், கேட்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு கடைக்குப் போய் எக்ஸ்சேஞ்ச் விலை விசாரித்தேன். இனி பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம் என்று உதட்டைப் பிதுக்கி, நான் நினைத்ததில் பாதி சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் அதே கடையில் ஒரு பழைய ஆர்க்டிக் கேட் முழு விலைச்சீட்டோடு நிற்கிறது. அதை விசாரித்த இன்னொருவரிடம், பார்ட்ஸைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று அதே ஆள் உறுதி கொடுத்துக்கொண்டிருக்கிறார். வதந்தியால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆவதில்லை. விலைக்குத்தான் ஆகிறது, அதுவும் விற்கப்போகிறவனின் விலைக்கு மட்டும்.

2025 ஏப்ரலில் முடிச்சு அவிழ்ந்தது. ஆர்கோ என்ற கம்பெனியின் தலைவர் பிராட் டார்லிங் தலைமையில் ஒரு குழு ஆர்க்டிக் கேட்டை வாங்கியது. நிலத்திலும் நீரிலும் போகிற எட்டுச் சக்கர வண்டி செய்கிற ஆர்கோ எங்கள் ஒன்டாரியோவின் நியூ ஹாம்பர்க்கில்தான் இருக்கிறது. டார்லிங் முன்பு ஆர்க்டிக் கேட்டிலேயே வேலை பார்த்தவர். தீஃப் ரிவர் ஃபால்ஸ் ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 1981ல் அந்தக் கம்பெனி திவாலாகி நின்றது. பழைய ஆட்களே சேர்ந்து மறுபடி தொடங்கி, 1984 மாடலோடு திரும்பி வந்தார்கள். பச்சை ஜாக்கெட் போட்ட வயதானவர்கள் இந்தமுறை அவ்வளவாகப் பதறாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

விக்டரி கதை நேர் எதிர். அதில் வதந்திக்கே நேரம் கொடுக்கவில்லை. விக்டரி, போலாரிஸ் கம்பெனியின் பிராண்ட். 1998 ஜூலை 4ல் முதல் விக்டரி வண்டியை விட்ட போலாரிஸ், 2017 ஜனவரி 9ல் விக்டரியை மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டது. 2011ல் வாங்கிய 'இந்தியன்' என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பிராண்ட் நன்றாகப் போனதால் இரண்டையும் தூக்கிச் சுமக்க அவர்களுக்கு மனமில்லை. ஆனால் அறிவிப்பிலேயே பத்து வருஷம் பார்ட்ஸ் தருவதாகச் சொன்னார்கள். நான் கிராஸ் கண்ட்ரியை வாங்கியது அதற்குப் பிறகு, அந்தக் கோடையில். ஷோரூமில் ஒருநாள்கூட ஓடாமல் நின்ற வண்டி, நல்ல தள்ளுபடி. டீலருக்கு அதைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தது.

106 கியூபிக் இன்ச், அதாவது 1731 சிசி வி-ட்வின். ஆறு கியர், பெல்ட் டிரைவ். வால்வு அட்ஜஸ்ட் செய்கிற வேலையே இல்லை, ஹைட்ராலிக் லிஃப்டர் பார்த்துக்கொள்கிறது. எடை 350 கிலோவுக்குப் பக்கம். நிறுத்தி நகர்த்துவது வேதனை, நகர்ந்துவிட்டால் எடையே தெரியாது. சுப்பீரியர் ஏரியைச் சுற்றி ஓட்டியபோது சாயங்காலம் இறங்கினால் முதுகு வலிக்கவில்லை. சீட் தாழ்வாக இருப்பதால் என் உயரத்துக்குக் கால் நன்றாக ஊன்றுகிறது. ஆயில் ஃபில்டர் காட்டுப் பாதையில் ஓடுகிற பல போலாரிஸ் நாலு சக்கர வண்டிகளில் (ஏடிவி) வருகிற அதே ஃபில்டர், எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். எனக்கு வந்த ஒரே தொல்லை ஆட்களால். ஒரு சர்வீஸ் சென்டர், விக்டரி என்றதும் உள்ளேயே எடுக்க மறுத்தது. டயர் மாற்றத்தானே வந்திருக்கிறேன் என்று சொல்லியும் பலிக்கவில்லை. இப்போது இரண்டு மணிநேரம் தள்ளி, முன்பு விக்டரி டீலரிடம் வேலை பார்த்து இப்போது சொந்தக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் போகிறேன். அவர் ரிட்டயர் ஆனால் என் வண்டியும் ரிட்டயர் ஆகும்.

தெருவில் இந்தியன் வைத்திருக்கும் ஒருவர் என்னை நெடுநாள் கேலி செய்துவந்தார். 2025 அக்டோபரில், இந்தியனின் பெரும்பங்கைக் கரோல்வுட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாக போலாரிஸ் அறிவித்தது. அந்த வாரமே வந்து, பார்ட்ஸெல்லாம் எங்கே வாங்குகிறாய் என்று மெதுவாகக் கேட்டார். விற்பது வேறு, மூடுவது வேறு என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

இந்த ஊரில் பிராண்ட் விசுவாசம் பரம்பரைச் சொத்து. அப்பா ஓட்டுவது ஸ்கீ-டூ பிராண்டின் மஞ்சள் ஸ்நோமொபைல் என்றால் பிள்ளையும் மஞ்சள். போலாரிஸும் ஆர்க்டிக் கேட்டும் அடித்துக்கொள்வது நம்மூர்ப் பங்காளிச் சண்டை மாதிரியேதான், ஏனென்றால் வேர் ஒன்று. 1954ல் மினசோட்டாவின் ரோஸோவில் போலாரிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன் 1960ல் வெளியேறி, சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி தீஃப் ரிவர் ஃபால்ஸில் தொடங்கியதுதான் பிறகு ஆர்க்டிக் கேட் ஆனது. இந்தச் சண்டைக்கெல்லாம் நான் வெளியாள். எனக்கு யமஹா என்றால் கோயம்புத்தூரில் மாமா வைத்திருந்த ஆர்எக்ஸ் 100. அதன் உற்பத்தி 1996ல் நின்றது. இன்றும் நல்ல வண்டிக்குப் போட்டி போட்டு விலை கொடுக்கிறார்கள். அது நின்று ஓடுவது கம்பெனி தயவால் அல்ல, தெருவுக்குத் தெரு அதன் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக்குகளால். கனடாவில் அந்தக் கூட்டம் சின்னது, மணிக்கூலியும் அதிகம். ஆகவே ஆர்எக்ஸ் 100 தந்த நம்பிக்கையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் கணக்கு உதைக்கும்.

நின்றுபோன பிராண்ட் வண்டி வாங்க நினைப்பவர் கம்பெனியைப் பற்றிய செய்தியைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். அந்த இன்ஜின் எத்தனை மாடல்களில் போடப்பட்டது? அதன் கம்ப்யூட்டரோடு பேசுகிற கருவி பக்கத்தில் யாரிடம் இருக்கிறது? விலையில், கிடைக்காமல் போகக்கூடிய ஒரு பெரிய பார்ட்டுக்கான தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா? மூன்றாவதற்கு ஆம் என்றால்தான் நான் மேற்கொண்டு பேசுவேன்.

என் விஷயத்தில், வைப்பரை விற்கிற எண்ணமில்லை. இன்ஜின் இன்னும் புதிதாகவே இருக்கிறது, கன்னத்தின் நிறம் எனக்குப் பழகிவிட்டது. விக்டரிக்கு போலாரிஸ் சொன்ன பத்து வருஷம் 2027 ஜனவரியோடு முடிகிறது. அதற்குள் ஒரு டிரைவ் பெல்ட், ஒரு கேஸ்கெட் செட், பிரேக் சாமான்கள் வாங்கி வைத்துவிடச் சொல்லி மெக்கானிக் ஒரு சீட்டு எழுதிக்கொடுத்திருக்கிறார். சீட்டில் கடைசியாக இருக்கிற ஃபியூவல் பம்ப் மட்டும் கொஞ்சம் விலை அதிகம். அதற்கு வீட்டில் இன்னும் ஒப்புதல் வாங்கவில்லை.