வலி நரம்பில் திரி எது, சரவெடி எது? நேவ் 1.7-உம் நேவ் 1.8-உம்

பல் பிடுங்கப் போய் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். பல்லுக்குப் போட்ட ஊசியில் பாதி உதடும் சேர்ந்து மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து காபி குடித்தால் வாயோரம் வழியும். அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது லிக்னோகெயின். 1943-ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்து. சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் நரம்பில் மின்துடிப்பு பிறக்கும். அது நுழைகிற சேனல்களை, அதாவது நரம்புச் செல்லின் மேலுள்ள நுண்வாசல்களை, லிக்னோகெயின் அடைத்துவிடுகிறது. ஆனால் ஆள் பார்த்து அடைப்பதில்லை. வலி நரம்பு, தொடுநரம்பு இரண்டும் அதற்கு ஒன்றுதான். ரத்தத்தில் அதிகம் கலந்தால் மூளையையும் இதயத்தையும்கூட விடாது.

அப்படியானால் வலி நரம்பில் உள்ள சேனலை மட்டும் தேடிப் பிடித்து அடைக்க முடியுமா? மனித உடலில் இந்தச் சேனல்கள் 9 வகை. நேவ் (Nav) 1.1 முதல் 1.9 வரை பெயர். இங்கே எண்ணை மட்டும் சொல்கிறேன். இதயத்தில் முக்கியமானது 1.5, தசையில் 1.4. வலி நரம்புகளில் பேர் பெற்றவை 1.7, 1.8, 1.9. மருந்துப் போட்டி பெரிதாக நடந்தது முதல் இரண்டை வைத்துத்தான்.

1.7-இன் கதை வடக்குப் பாகிஸ்தானில் தொடங்குகிறது. ஒரு சிறுவன் தெருவில் கைக்குள் கத்தியைச் செருகிக் காட்டுவான், தீக்கனல் மேல் நடப்பான். வலி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்பே, 14 வயதை ஒட்டி, கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். படிக்கும்போதெல்லாம் மனது கனக்கிறது. அவனுடைய உறவுக் குடும்பங்களில் இதே குறையுள்ள பிள்ளைகளிடம் 1.7-க்கான மரபணு வேலை செய்யவில்லை என்று 2006-ல் தெரியவந்தது. இதற்கு நேர்மாறாக, அந்தச் சேனல் அளவுக்கு மீறித் திறக்கும் நோயாளிகளும் உண்டு. அவர்களுக்குக் கால் சிவந்து நெருப்பாய் எரியும். ஐஸ் தண்ணீரில் காலை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார்கள்.

1.8-க்கு இப்படி ஒரு கதை கிடையாது. ஆனால் வேலையில் அது சளைத்ததில்லை. 1.7 என்பது திரி: சின்னத் தூண்டலையும் பெருக்கித் துடிப்பின் விளிம்புவரை கொண்டுபோகும். 1.8 சரவெடி: துடிப்பின் பெரும்பங்கு மின்னோட்டம் அதன் வழியாகத்தான் பாய்கிறது, துடித்து முடித்ததும் தானாக மூடிக்கொண்டாலும் சட்டென்று மீண்டு அடுத்ததற்குத் தயாராகிவிடும். கடுங்குளிரில் 1.7 போன்றவை முடங்கிவிடும், 1.8 முடங்காது. ஐஸ் கட்டியை இறுக்கிப் பிடித்த விரல் மரத்த பிறகும் ஏன் வலிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

மரபணுச் சான்று இவ்வளவு பலமாக இருந்ததால் எல்லோரும் 1.7 பக்கம் ஓடினார்கள். ஃபைசர் நிறுவனத்தின் மருந்து நீரிழிவு நரம்பு வலியில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மற்றவர்களும் தடுமாறினார்கள். ஏன்? ஏறக்குறைய எல்லாச் சேனல்களையும் அடைத்தால்தான் பலன் தெரியும் போலிருக்கிறது. அப்புறம், பிறவியிலேயே 1.7 இல்லாதவர்களின் உடல் தன் சொந்த வலிநிவாரணியையும் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தச் சுரப்பின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் கொடுத்தபோது, அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு வலி தெரிந்தது. 2015-ல் வெளியான ஆய்வு இது. பிறவியிலேயே இல்லாதது வேறு, இருப்பதைப் பாதியில் அடைப்பது வேறு.

பந்தயத்தில் முந்தியது 1.8. அதை அடைக்கும் வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சூசெட்ரிஜின் மாத்திரைக்கு 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. மூளையில் 1.8-க்குப் பெரிய வேலை இல்லாததால், ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மாத்திரை மாதிரி அடிமையாக்கும் என்ற பயம் இதில் இல்லை. ஓபியாய்டால் எத்தனையோ உயிர்களை இழந்த அமெரிக்காவுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியில் அது மருந்தில்லாத பொய்மாத்திரையை வென்றதே தவிர, ஓபியாய்டு வகையான ஹைட்ரோகோடோன்–பாராசிட்டமால் கூட்டு மாத்திரையை மிஞ்சவில்லை.

எனவே திடீர் வலிக்கு என் ஓட்டு 1.8-க்கு, தயங்காமல். நாள்பட்ட நரம்பு வலி என்றால் இன்னும் போடமாட்டேன். சயாட்டிகா என்பது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி. 2024 டிசம்பரில் வந்த அதன் சோதனை முடிவில், மருந்து எடுத்தவர்களின் வலி 10-க்குச் சுமார் 2 புள்ளி குறைந்தது. பொய்மாத்திரை எடுத்தவர்களுக்கும் அதே 2 புள்ளிதான். நீரிழிவு நரம்பு வலியில் 2023-ல் கிடைத்த முடிவு நம்பிக்கை தந்தது உண்மைதான், ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கப் பொய்மாத்திரைக் குழுவே இல்லை.