லூபஸ் சிறுநீரக அழற்சி: ஊசியா, மாத்திரையா?

லூபஸில் உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுநீரக வடிகட்டிகளைத் தாக்குகிறது. சிறுநீரில் புரதம் ஒழுகும். பாதிப்பு முற்றினால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறும். எதிர்ப்பு சக்தியை அடக்க, ஸ்டீராய்டோடு சைக்ளோபாஸ்பமைடு ஊசியா, மைக்கோபீனோலேட் மாத்திரையா என்று பலர் தவிக்கிறார்கள்.

பலன்: 370 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ சமம்.

முறை: ஊசியின் குறைந்த அளவுத் திட்டத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை 500 மி.கி., மொத்தம் 6 தடவை.
மாத்திரை தினமும் இருவேளை, ஆண்டுக்கணக்கில்.

செலவு: ஊசி மருந்து மலிவு, மாத்திரைக்கு மாதாமாதம் பணம் வேண்டும்.

தொல்லை: ஊசியில் குமட்டல், முடி உதிர்தல், மாத்திரையில் வயிற்றுப்போக்கு. இரண்டிலும் தொற்று அபாயம் உண்டு.

குழந்தைப்பேறு: இதைத்தான் முதலில் பேச வேண்டும், ஏனெனில் இந்நோய் அதிகம் தாக்குவது இளம்பெண்களை. ஊசியின் மொத்த அளவு கூடக்கூட கருமுட்டைகள் அழியலாம். மாத்திரை அவற்றைக் கெடுக்காது; ஆனால் கருவில் குறைபாடு உண்டாக்கும். கருத்தரிக்கும் முன் குறைந்தது 6 வாரம் நிறுத்தி, மருத்துவர் சொல்லும் மாற்று மருந்துக்கு மாற வேண்டும்.

பிற்காலத்தில் குழந்தை வேண்டும், வேளை தவறாமல் விழுங்க முடியும் என்பவருக்கு மாத்திரை. மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுபவருக்கும் கைச்செலவு இடிப்பவருக்கும் குறைந்த அளவு ஊசியே மேல்.