பழுதான பென் ட்ரைவும் டிடிரெஸ்கியூவும்: ஆறு வருட அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் கடலுக்கு அருகில் குடியிருப்பதால், பென் ட்ரைவின் உலோக உறை துருவேறுவது எங்கள் வீட்டில் வழமை. அயலவர்கள் கொண்டுவந்து தருபவற்றையும் சேர்த்து, திறக்க மறுத்த பல ட்ரைவ்களை ஆறு வருடங்களாக லினக்ஸ் இயங்குதளத்தில் மீட்கப் பார்த்துவிட்டேன். டிடிரெஸ்கியூ, டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் ஆகிய மூன்று மீட்பு மென்பொருள்களும் இலவசமாகக் கிடைப்பதால் இதற்கென நான் ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

இவற்றுள் நான் அதிகம் நம்புவது டிடிரெஸ்கியூவை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் இதன் பொதியை ஜிடிடிரெஸ்கியூ என்ற பெயரில் தேடி நிறுவ வேண்டும். கட்டளையிலோ முன்னுள்ள 'ஜி' கிடையாது. முதல் நாள் எனக்கு இதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. தரவை அப்படியே பிரதியெடுக்கும் வழமையான டிடி கட்டளை முதல் வாசிப்புப் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்கியூவோ சிக்கலான இடங்களைத் தாண்டிச் சென்று, நலமாக உள்ள பகுதிகளை முதலில் வன்தட்டிலுள்ள ஒரே பிம்பக் கோப்புக்கு (ட்ரைவின் அச்சொட்டான பிரதிக்கு) எடுத்துவிட்டு, பிறகே விடுபட்ட இடங்களுக்குத் திரும்புகிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்னர், எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து வகையான வடமோடிக் கூத்தொன்றின் ஒத்திகைகளைப் பதிந்து வைத்திருந்த 16 ஜிபி ட்ரைவ், மேசைக்கணினியில் பிரதியெடுக்கும்போது மின்சாரம் நின்றதால் படுத்துவிட்டது. விண்டோஸ் 'போர்மட் செய்யவா' என்று கேட்டது. அதற்கு 'ஆம்' சொல்லாததுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். டிடிரெஸ்கியூவில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட, எஞ்சிய சில மெகாபைட்டுகள் விடியும்வரை இழுத்தடித்தன. இடையில் ட்ரைவ் தொட முடியாத அளவு சூடாகி, இணைப்பும் அறுந்தது. எதை வாசித்து முடித்தது, எங்கே தோற்றது என்பதை அது மேப் கோப்பில் குறித்துவைப்பதால், ட்ரைவை ஆறவிட்டு அதே கட்டளையை மீண்டும் கொடுத்தபோது விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மீண்டும் செருகும்போது, லினக்ஸ் ட்ரைவுக்கு இட்ட எஸ்டிபி என்ற பெயர் எஸ்டிசி என்று மாறக்கூடும். ட்ரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யாமல் எண்டர் விசையை அழுத்த வேண்டாம்.

பிம்பத்தின் மீது டெஸ்ட்டிஸ்க்கை முதலில் ஓட்டுவேன். பென் ட்ரைவ்களில் வழமையான ஃபாட்32 கோப்பு அமைப்பில், அமைப்பின் விவரங்களைக் கொண்ட தொடக்கப் பகுதியான பூட் செக்டருக்கு மாற்றுப் பிரதி ஒன்று இருப்பதால், சேதம் அவ்வளவில் நின்றிருந்தால் கோப்புகள் தம் பெயர்களோடே திரும்பும். கூத்துப் பதிவுகளுக்கு அது கைகொடுக்கவில்லை, போட்டோரெக்தான் மீட்டது. கோப்பு வகைக்குரிய தொடக்க அடையாளத்தைத் தேடி எடுக்கும் மென்பொருள் என்பதால் பழைய பெயரோ கோப்புறையோ மிஞ்சவில்லை. 'எஃப்' எழுத்தும் எண்களுமாக வரிசைகட்டிய ஒலிக்கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, மத்தளத்தையும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் குரலையும் வைத்தே எந்த நாள் ஒத்திகை என்று பிரித்தேன். ட்ரைவில் துண்டுதுண்டாகச் சிதறியிருந்த கோப்புகள் இரண்டில், தரு (கூத்துப் பாட்டு) பாதியில் அறுந்து வெறும் இரைச்சலாகிவிடுகிறது.

செருகிய ட்ரைவை எல்எஸ்பிஎல்கே காட்டாவிட்டால், அல்லது கொள்ளளவைப் பூச்சியம் என்று காட்டினால், பழுது பெரும்பாலும் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லில்தான். அங்கே இம்மூன்றும் பயன்படா. அப்படி இரண்டு ட்ரைவ்கள் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.